சாலையோரக் கதவில் ஒரு பூட்டு

கதவைச் சாத்தினால் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியைத் திருகினால் விட்டுவிட வேண்டும். தாழ்ப்பாளிடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். இதற்கு ஓர் இரும்பு நாக்கை நகர்த்தியாக வேண்டும். அதைப் பக்கவாட்டில் உள்ளே இழுக்கலாம். அல்லது மேலே தூக்கலாம். உலகத்துத் தாழ்ப்பாள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளுக்குள் அடங்கிவிடும்.

பக்கவாட்டு நாக்கின் நுனியைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். கதவு சாத்தப்படும்போது அந்தச் சாய்வு, நிலையில் அடித்திருக்கும் தகட்டின் விளிம்பில் மோதும். கதவு வருவது ஒரு திசையில். நாக்கு போக வேண்டியது அதற்குச் செங்குத்தான திசையில். சாய்தளம் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருகிறது. நாக்கு உள்ளே அமுங்கி, பின்னாலிருக்கும் வில்லை நெருக்கி, துளை எதிரே வந்ததும் வெளியே பாய்கிறது. சாய்வு போதாமல் முகம் மழுங்கலாக இருந்துவிட்டால் உராய்வு ஜெயித்துவிடும். அப்போது கதவை ஓங்கி அறைந்து பயனில்லை. அறைகிற வேகம் கூடக்கூட உராய்வும் அதே அளவில் கூடும். அந்த இடத்தில் முரட்டு பலம் செய்யாததை ஒரு சொட்டு எண்ணெய் செய்யும்.

தூக்கு நாக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. இங்கிலாந்தின் பழைய கிராமத்து வீடுகளில் சஃபோக் தாழ்ப்பாள் என்று ஒன்று உண்டு. வெளியே கட்டைவிரலால் ஒரு தகட்டை அழுத்தினால், உள்ளே இரும்புப் பட்டை எழும்பும். கையை எடுத்தால் பட்டை தன் எடையாலேயே கொக்கிக்குள் விழும். அதற்கு வில் தேவையில்லை, புவியீர்ப்பே போதும்.

1830-இல் ஜேம்ஸ் கார்ப்பென்டர், ஜான் யங் என்ற இருவர் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். கார்ப்பென்டர், பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன வில்லன்ஹால் ஊர்க்காரர். யங், பக்கத்து வுல்வர்ஹாம்ப்டன். கதவின் மேல் திருகி மாட்டும் பெட்டிப் பூட்டு அது. குமிழைத் திருகினால், உள்ளே இருக்கும் நாக்கு பக்கவாட்டில் போகாமல் மேலெழும்பும். நிலையில் அதற்கேற்ற ஒரு பிடிப்பெட்டி. கதவைச் சாத்தும்போது நாக்கு அதன் சாய்வில் ஏறி, மறுபுறம் இறங்கி, கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். கிராமத்துத் தாழ்ப்பாளின் தூக்கு அசைவையும் நகரத்துப் பூட்டின் குமிழையும் பெட்டியையும் ஒன்றாக்கிய பொருள் என்று சொல்லலாம். நன்றாக விற்றது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை கப்பலேறியது. அந்நாடுகளின் பழைய வீடுகளில், 'கார்ப்பென்டர் அண்ட் கோ, காப்புரிமையாளர்கள்' என்று பொறித்த வட்டப் பித்தளை வில்லையோடு இன்றும் அது தென்படுகிறது.

வில்லையில் பெருமையாகப் பொறித்த அந்தக் காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு அதை இழுத்துவந்த காரணம்.

காப்புரிமை என்பது அரசு ஒருவரோடு போடும் ஒப்பந்தம். உனக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல். பதிலுக்குக் குறிப்பிட்ட காலம்வரை வேறு யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 1624-இல் வந்த ஏகபோகச் சட்டம் அந்தக் காலத்தை 14 ஆண்டு என்று வைத்தது. ஒரு தொழிலாளி பயிற்சிக்கு இருக்கும் ஏழாண்டின் இரட்டிப்பு அது என்பார்கள். இந்தப் பேரத்தில் அரசு ஏமாறக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே ஒருவர் புதிதுபோலக் கொண்டுவந்து விற்றுவிடலாம். அதனால்தான் 'இது புதியதா?' என்ற கேள்வி காப்புரிமைச் சட்டத்தின் அச்சாணியாக இருக்கிறது.

ஆனால் 1830-இல் அந்தக் கேள்வியை இங்கிலாந்தில் எந்த அலுவலகமும் கேட்கவில்லை. மனுவும் கட்டணமும் பல மேசைகளைக் கடந்து போகும், முத்திரைகள் விழும், காப்புரிமை வந்துவிடும். முன்பே இப்படி ஒன்று இருந்ததா என்று அரசே தேடிப்பார்க்கும் வழக்கம் அங்கே 1905-இல்தான் தொடங்கியது. அதுவரை, காப்புரிமை பெற்றவர் யார்மீதாவது வழக்குப் போட்டு, எதிர்த்தரப்பு தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஊரெல்லாம் தேடினால்தான் உண்மை வெளிவரும். சோம்பேறித்தனமான ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் தேடுவதற்கு எதிரியைவிட ஊக்கமுள்ள ஆள் கிடைக்க மாட்டார்.

கார்ப்பென்டர், ஸ்மித் என்பவர்மீது போட்ட வழக்கு 1841-இல் நீதிபதி ஏபிங்கர் பிரபுவின் முன் வந்தது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த சாட்சியம் எளிமையானது. பொதுச் சாலையை ஒட்டிய ஒரு வாயிற்கதவில் இதே மாதிரிப் பூட்டு பல ஆண்டுகளாக மாட்டியிருந்தது. கார்ப்பென்டர் காப்புரிமை வாங்குவதற்கு முன்பிருந்தே. அதை வைத்திருந்தவர் ஒரு தனிமனிதர். கடையில் விற்கவில்லை, விளம்பரம் செய்யவில்லை, பத்திரிகையில் எழுதவில்லை. தன் கதவுக்கு ஒரு பூட்டு மாட்டினார், அவ்வளவே. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மாதிரி ஒன்றைப் பார்த்து, பர்மிங்ஹாமில் சில டஜன் பூட்டுகள் இதேபோலச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கார்ப்பென்டர் தரப்பின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஒரே ஒரு கதவு! அதைப் பார்த்து யாராவது கற்றுக்கொண்டார்களா? பொதுமக்கள் அதைப் பயன்படுத்தினார்களா? ஏற்றுமதியான பூட்டுகள் இங்கிலாந்தில் எந்தக் கதவிலும் ஏறவே இல்லையே? ஒரு மூலையில் கிடந்த ஒற்றைப் பூட்டு, ஊரெங்கும் விற்கும் ஒரு பொருளின் புதுமையை அழித்துவிடுமா?

அழித்துவிடும் என்றார் ஏபிங்கர். பொதுப் பயன்பாடு என்றால் பொதுமக்கள் எல்லோரும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று பொருளில்லை. ஒளிவுமறைவில்லாமல் பயன்படுத்தியிருந்தால் போதும். பூட்டிய அறைக்குள் செய்துபார்த்த ரகசியச் சோதனை வேறு. யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒருவர் செய்தது வேறு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தேவையில்லை. தீர்ப்பை மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டும் என்று கார்ப்பென்டர் மேலே கேட்டார். 1842-இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

முதன்முறை படிக்கும்போது இது கொடுமையாகத்தான் படும். கார்ப்பென்டர் அந்தச் சாலைவழியே போனதில்லை என்றே வைத்துக்கொள்வோம். தன் பட்டறையில் சொந்த மூளையால்தான் யோசித்தார். அவர் வரையில் அது புதிது. ஆனால் சட்டம் பார்ப்பது அவர் தலைக்குள் நடந்ததை இல்லை. அந்தக் கதவின் சொந்தக்காரரை எண்ணிப்பாருங்கள். கார்ப்பென்டரின் காப்புரிமை செல்லும் என்றால், 1830-இல் ஒரு நாள் காலை முதல் அவர் தன் பூட்டைப்போல இன்னொன்றை மாட்டுவதே உரிமை மீறலாகிவிடும். நேற்றுவரை கையில் இருந்த ஒன்றை இன்று பறிக்கக்கூடாது என்பதே புதுமை விதியின் அடிப்படை. அந்த அளவுக்கு ஒரு கதவே போதுமானது. எனக்கு இந்த வாதம் சரியென்றே படுகிறது.

அறிவியலில் ஒரு பொதுக்கூற்றை வீழ்த்த ஒற்றை எதிர்ச்சான்று போதும் என்பார்கள். 'இப்படி ஒன்று இதற்கு முன் இல்லை' என்பதும் உலகம் முழுவதையும் தழுவிய பொதுக்கூற்றுதான். அதை யாராலும் நிரூபிக்க முடியாது. பொய்யாக்க மட்டுமே முடியும். எந்தக் காப்புரிமையும், எதிர்ச்சான்று கிடைக்கும்வரை செல்லும் தற்காலிக உண்மையே.

சரி, எதிர்ச்சான்று என்று நீட்டப்படும் பழைய பொருள் 'அதே' பொருள்தானா என்று எப்படித் தீர்மானிப்பது? ஒப்பிட்டால் எல்லாத் தாழ்ப்பாளும் ஏதோ ஒரு விதத்தில் மற்றொன்றைப் போலத்தான் இருக்கும். இதற்கு வழக்கறிஞர்கள் கையாளும் முறை, வேதியியலார் ஒரு சேர்மத்தைப் பிரிப்பதற்கு ஒப்பானது. காப்புரிமையின் உயிர்நாடி, அதன் கடைசியில் வரும் உரிமைக்கோரல் என்ற ஒற்றை வாக்கியம். அதைக் கூறுகூறாக உடைக்க வேண்டும். கார்ப்பென்டர் பூட்டை நம் வசதிக்கு இப்படிப் பிரிக்கலாம்: மேலும் கீழும் அசையும் நாக்கு, அதை அடக்கிய பெட்டி, அசைக்கும் குமிழ், நிலையில் சாய்வுள்ள பிடிப்பெட்டி. இப்போது சஃபோக் தாழ்ப்பாளை எடுங்கள். தூக்கு நாக்கு இருக்கிறது. பெட்டி இல்லை, குமிழ் இல்லை. ஆகவே ஆயிரம் கிராமத்து வீடுகளில் அது இருந்தாலும் கார்ப்பென்டரின் புதுமைக்கு அதனால் ஊறு இல்லை. சாலையோரப் பூட்டில் எல்லாக் கூறும் இருந்தன. ஒரே பொருளில், ஒருசேர இருந்தன. அது போதும்.

இந்த 'ஒருசேர' என்ற நிபந்தனை முக்கியம். இங்கே ஒரு நாக்கு, அங்கே ஒரு குமிழ் என்று பழையவற்றைப் பொறுக்கிச் சேர்த்துப் புதுமையை மறுக்க முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889-இல் இதற்கு ஓர் அழகான அளவுகோலை எடுத்துவைத்தது: காப்புரிமைக்குப் பின்னால் வந்திருந்தால் எது உரிமை மீறல் ஆகுமோ, அது முன்னாலேயே இருந்திருந்தால் புதுமையை அழித்துவிடும். ஒரே தராசு, இரண்டு பக்கமும் எடை போடும்.

இதைப் புரிந்துகொள்ள யேல் பூட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. இன்று உலகமெங்கும் வாசற்கதவுகளில் இருக்கும், ரம்பப்பல் சாவி போடும் அந்தப் பூட்டுக்கு லைனஸ் யேல் மகன் 1861-லும் 1865-லும் காப்புரிமைகள் பெற்றார். அவருடைய அப்பாவும் பூட்டு செய்பவர்தான், அவர் பெயரும் லைனஸ் யேல்தான். பூட்டின் தத்துவம் என்ன? மேலிருந்து சில முளைகள் துளைகளுக்குள் விழுந்து நகர்வைத் தடுக்கும். சரியான சாவி எல்லா முளைகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வழி விடும். இந்தத் தத்துவம் பண்டைய எகிப்திய மரப்பூட்டில் அப்படியே இருக்கிறது. முழங்கை நீளச் சாவியில் குச்சிகள் நட்டிருக்கும். அதை நுழைத்துத் தூக்கினால் மர முளைகள் எழும்ப, தாழ்க்கட்டையை இழுத்துவிடலாம். அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் கோர்சாபாத் அரண்மனையிலும் இவ்வகைப் பூட்டு இருந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதினார்கள். அந்த அரண்மனையையே 4,000 ஆண்டுப் பழமை என்று பல நூல்கள் தாராளமாக ஏற்றிச் சொல்கின்றன. சார்கோன் ஆண்டது கி.மு. எட்டாம் நூற்றாண்டில், ஆகவே 2,700 என்பதே பொருந்தும். எப்படியானாலும் யேலைவிடப் பழையது.

அப்படியிருக்க அவருக்கு எப்படிக் காப்புரிமை கிடைத்தது? கூறுகளைப் பார்க்க வேண்டும். யேல் பூட்டில் ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டாக இருக்கும், அதன் மேலே ஒரு சிறு வில். முளைகளின் வெட்டுவாய் ஒரு சுழலும் உருளையின் விளிம்போடு நேர்கோட்டில் வந்தால் மட்டும் உருளை திரும்பும். சாவி சட்டைப்பையில் போடும் தகடாகச் சுருங்கியது. தத்துவம் பழையது, ஆனால் சட்டம் தத்துவத்தைக் காப்பதில்லை, அது உடுத்தியிருக்கும் குறிப்பிட்ட வடிவத்தைத்தான் காக்கிறது.

பழைய பொருளே கையில் இல்லாமல் அதன் படம் மட்டும் கிடைத்தால்? பிரிட்டனில் பிரபுக்கள் சபைவரை போன ஒரு வழக்கு இருக்கிறது. வான் டெர் லேலி என்ற நிறுவனத்தின் வைக்கோல் வாரும் இயந்திரத்துக்கு எதிராக, ஒரு பத்திரிகையில் முன்பே வந்த பழைய இயந்திரத்தின் புகைப்படம் நீட்டப்பட்டது. அதன் வாரிச் சக்கரங்கள் எதனால் சுழல்கின்றன என்று படம் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் இத்தகைய இயந்திரங்களோடு பழகிய ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால், மோட்டாரோ சங்கிலியோ இல்லை, தரையில் உரசித்தான் அவை சுழல்கின்றன என்று கண்டுகொள்வார். 1963-இல் அந்தப் படமே புதுமையை வீழ்த்தியது. படத்தைப் பார்க்க வேண்டியவர் தொழில் தெரிந்தவர்; என்னையும் உங்களையும் போன்றவர் இல்லை. காப்புரிமைச் சட்டம் முழுக்க இந்தக் கற்பனை மனிதர் உலவிக்கொண்டே இருப்பார். தன் தொழிலில் வந்தது எல்லாவற்றையும் படித்திருப்பார், ஆனால் புதிதாக ஒன்றும் தோன்றாது. பாவப்பட்ட பிறவி.

மறைந்திருக்கும் பொருளின் கதை இன்னும் விசித்திரம். சாமுவேல் பார்ன்ஸ் என்ற அமெரிக்கர், பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் உடைக்குள் வைக்கும் எஃகுப் பட்டைகள் அடிக்கடி ஒடிகின்றன என்று தோழி ஒருவர் குறைப்பட்டதைக் கேட்டு, 1855-இல் ஒடியாத ஒரு ஜோடி செய்து கொடுத்தார். பின்னாளில் அவரையே மணந்துகொண்டார். காப்புரிமைக்கு மனுப்போட்டது 1866-இல். வழக்கு 1881-இல் உச்ச நீதிமன்றம் வந்தபோது, இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண் அதை அணிந்திருந்ததே பொதுப் பயன்பாடுதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். கடிகாரத்துக்குள் இருக்கும் சக்கரம்கூட வெளியே தெரிவதில்லை, அதற்காக அது ரகசியமா என்பது அவர்கள் கேள்வி. பார்ன்ஸ் எந்த நிபந்தனையும் போடாமல் கொடுத்தார். வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை. நீதிபதி மில்லர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பெண், அவளும் மேலாடைக்கு உள்ளே அணிந்தது பொது என்றால், தனிப்பட்டது என்று உலகில் எது மிஞ்சும் என்று திகைத்தார். அவர் பக்கம் சாயாமலிருப்பது கஷ்டம். அங்கே சாலையோரக் கதவு; இங்கே ஒரு பெண்ணின் உள்ளாடை. ஆனால் விதி ஒன்றேதான்: பார்க்க முடிந்ததா என்பதைவிட, ரகசியம் காக்க யாராவது கடமைப்பட்டிருந்தார்களா என்பதே கேள்வி.

இதுவரை பார்த்தவை எல்லாம் 'முன்பே இருந்தது' என்ற வகை. கதவுக் குமிழ் ஒன்று இதைவிடக் கடினமான கேள்வியைக் கிளப்பியது: முன்பு இருந்ததே இல்லை, ஆனாலும் காப்புரிமை தரலாமா?

1841-இல் ஹாட்ச்கிஸ், டேவன்போர்ட், குவின்சி என்ற மூவர் அமெரிக்காவில் களிமண் அல்லது பீங்கானால் செய்த கதவுக் குமிழுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்காவில் 1836 முதலே மனுக்களைப் பரிசோதிக்கும் முறை வந்துவிட்டது. (அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்து, ஏறத்தாழ 10,000 காப்புரிமை ஆவணங்களும் 7,000 மாதிரிகளும் சாம்பலாயின. எது புதிது என்று தேடிப்பார்க்கும் வேலையை ஏற்ற கையோடு, தேட வேண்டிய அலமாரியே எரிந்துபோனது.)

பீங்கான் குமிழில் என்ன சிக்கல்? கதவை ஊடுருவிச் செல்லும் இரும்புத் தண்டோடு அதைச் சேர்ப்பதுதான். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆணியோ திருகோ இறக்கினால் விரிசல் விடும். மூவரும் காட்டிய வழி: குமிழின் அடியில் வாய் குறுகி உள்ளே அகன்ற ஒரு குழி. அதில் உலோகத்தை உருக்கி ஊற்றித் தண்டின் முனையை உருவாக்க வேண்டும். உலோகம் ஆறும்போது பீங்கானைவிட அதிகமாகச் சுருங்கும். ஆனாலும் உள்ளே பரந்திருப்பதால் குறுகிய வாய் வழியே வெளிவர முடியாது. மரத்தச்சர்கள் புறாவால் பொருத்து என்று செய்யும் அதே வடிவம். விளைவு: கறுக்காத, துருப்பிடிக்காத, மலிவான, உறுதியான குமிழ்.

சின்சினாட்டியில் கிரீன்வுட் என்பவரும் அவருடைய கூட்டாளியும் அதேபோலச் செய்து விற்க, வழக்கு வந்தது. விசாரணையில் வெளிப்பட்டவை: களிமண் குமிழ் முன்பே உண்டு. உள்ளே அகன்ற குழியும் தண்டும் கொண்ட உலோகக் குமிழ்கள் கனெக்டிகட் மாநிலத்தில் முன்பே உண்டு. ஆனால் அந்தக் குழி, அந்தத் தண்டு, களிமண் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த குமிழ் முன்பு எங்கும் இல்லை. நாம் மேலே பார்த்த தராசில் வைத்தால் ஹாட்ச்கிஸ் ஜெயிக்க வேண்டும். எல்லாக் கூறும் ஒருசேர அமைந்த பழைய பொருள் எதுவும் இல்லையே.

மேல்முறையீடு 1851-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது, ஹாட்ச்கிஸ் தோற்றார். நீதிபதி நெல்சன் எழுதிய தீர்ப்பின் சாரம்: மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாகக் களிமண்ணை வைத்ததுதான் இங்கே நடந்திருப்பது. களிமண் குமிழ் மேலானதாக இருக்கலாம். அந்த மேன்மை களிமண்ணின் குணம். இந்தத் தொழிலில் தேர்ந்த சாதாரணக் கைவினைஞரிடம் இருக்கும் திறமைக்கு மேல் எதுவும் இதில் தேவைப்படவில்லை. நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பது கைத்திறன். கண்டுபிடிப்பு அதற்கு மேலே ஒரு படி.

நீதிபதி உட்பெரி தனியாக மாறுபட்டார். புதியதா, மலிவானதா, மேலானதா என்று மட்டும் கேளுங்கள். அதைச் செய்ய எவ்வளவு மூளை செலவானது என்று எதற்கு அளக்கிறீர்கள் என்பது அவர் வாதம். பொருளாதாரமாகப் பார்த்தால் அவர் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதில்லை. வாங்குபவருக்கு வேண்டியது நல்ல குமிழ். அது மேதையின் மின்னலில் பிறந்ததா, மேஸ்திரியின் பழக்கத்தில் பிறந்ததா என்பதால் அவருக்கு என்ன? ஆனால் மறுபக்கமும் உண்டு. மேஸ்திரி எப்படியும் அடுத்த மாதம் செய்திருக்கக்கூடிய ஒன்றுக்கு 14 ஆண்டு ஏகபோகம் கொடுத்தால், ஊர் விலை கொடுத்து வாங்கிய ரகசியம் எது? நெல்சன் பக்கமே வரலாறு நின்றது. வெளிப்படையான மாற்றத்துக்குக் காப்புரிமை இல்லை என்ற விதி 1952-இல் அமெரிக்கச் சட்டத்திலேயே ஏறியது. இன்று உலகின் ஏறக்குறைய எல்லாக் காப்புரிமைச் சட்டங்களிலும் அது புதுமைக்கு அடுத்த இரண்டாம் வாசல்.

முதல் வாசலில் சான்று பேசும்: பூட்டு கதவில் இருந்தது, அல்லது இல்லை. இரண்டாம் வாசலில் மனம் பேசும், அங்கேதான் ஆபத்து. பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றிய ஒரு சிறு குறிப்பை அவர் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் ஆங்கிலேயர் வென்றதாகச் சொன்னார். சிலரிடம் கூர்க்காக்கள் வென்றதாக. சிலரிடம் யாரும் வெல்லவில்லை என்று. பிறகு, முடிவு தெரியாதவராக உங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று சொல்லுங்கள் என்றார். எந்த முடிவைக் கேட்டிருந்தார்களோ, அதற்கே வாய்ப்பு அதிகம் என்று கணித்தார்கள். கேட்ட முடிவு தங்கள் கணிப்பை வளைத்துவிட்டது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கதவுக் குமிழை மேசைமேல் வைத்துக்கொண்டு 'இது யாருக்கும் தோன்றியிருக்குமே' என்று சொல்லும் நீதிபதியும் இதே பள்ளத்தில் நிற்கிறார். விடையைப் பார்த்த பிறகு எல்லாப் புதிரும் சுலபம். அதற்காக நீதிமன்றங்கள் சில முட்டுக்கட்டைகளை வைத்திருக்கின்றன. இந்தக் குறை நெடுங்காலம் தீராமல் இருந்ததா? மற்றவர்கள் முயன்று தோற்றார்களா? பழையவற்றை இப்படிச் சேர்க்க ஒருவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? இவற்றையெல்லாம் கேட்ட பிறகே வெளிப்படை என்று சொல்லலாம். கேள்விகள் உதவுகின்றன. ஆனால் பார்த்த விடையைப் பார்க்காததாக்க எந்தக் கேள்வியாலும் முடியாது.

நம் நாட்டில் 1970-இல் வந்த காப்புரிமைச் சட்டம் இரண்டு வாசல்களையும் தனித்தனியே வைத்திருக்கிறது. காப்புரிமையை நீக்கக் கோருவதற்கான காரணங்களில், முன்பே இந்தியாவில் பொதுவில் அறியப்பட்டதாகவோ வெளிப்படையாகப் பயன்பட்டதாகவோ இருந்தது என்பதும் ஒன்று. சாலையோரப் பூட்டின் விதி அப்படியே தொடர்கிறது. அச்சில் வந்தது என்றால் உலகின் எந்த மூலையில் வந்திருந்தாலும் செல்லும். மேல்முறையீடுகளைக் கேட்க 2003-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அமைந்தது. 2021-இல் அதைக் கலைத்தார்கள். இப்போது இந்த வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போகின்றன.

நெல்சனின் குமிழ்த் தீர்ப்புக்கு ஒப்பான இந்தியத் தீர்ப்பு பாத்திரப் பட்டறையிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் உலோகப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து, சுழலவிட்டு, கடைந்து மெருகேற்றுவார்கள். பழைய முறையில் பாத்திரம் பிடி நழுவிப் பறந்துவிடும் அபாயம் உண்டு. அது பறக்காமல் இறுக்கிப் பிடிக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951 டிசம்பர் தேதியிட்ட காப்புரிமை வைத்திருந்தது. அதே ஊரின் இன்னொரு பட்டறைமீது வழக்குப் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை நீக்கினார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மீட்டது. உச்ச நீதிமன்றம் மறுபடி நீக்கியது: பிடிக்கும் பாகங்கள் எல்லாம் பட்டறைக்காரர்கள் அறிந்தவை, அவற்றைச் சற்று மாற்றி அமைத்தது பட்டறைத் திருத்தமே தவிர, புதுமையும் இல்லை, கண்டுபிடிப்பும் இல்லை. தீர்ப்பு வந்த நாள் 1978 டிசம்பர் 13. காப்புரிமை தரப்பட்ட காலத்துச் சட்டப்படி அதன் ஆயுள் 16 ஆண்டு. ஆகவே அந்த உரிமை செல்லும் என்று சொல்லியிருந்தாலும், 1967-லேயே அது காலாவதியாகியிருக்கும்.